ஒரேஞ்ச் பட்டன்

இத்தாவில் இருந்த நாலு மாதமும் பத்து நாளும் நான் பார்த்தது கடலைத்தான். எல்லாம் லப்டொப் திரையில். குறிஞ்சிப்பிட்டியில் எங்கள் வீட்டிலிருந்து நிஜக் கடலுக்கு நடந்தால் பத்து நிமிடம். கணவன் மௌத்தானால் மனைவி அத்தனை நாளும் வீட்டுக்குள் இருக்க வேண்டும், அந்நிய ஆண்கள் கண்ணில் படக்கூடாது என்பதுதான் இத்தா, எங்கள் மார்க்கத்து முறை. அதை நான் குறை சொல்ல வரவில்லை. முப்பத்திரண்டு வயதில் புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு யார் முகத்தையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. என் ஆத்திரமெல்லாம் அறை வாசலில் தொங்கிய பச்சைத் திரையின் மேலும், அதற்கு அந்தப் பக்கம் கதிரை போட்டு உட்கார்ந்திருந்த மச்சானின் மேலும்தான்.

மச்சான் என்றால் என் கணவரின் மூத்த சகோதரர். புத்தளத்தில் கடை வைத்திருந்தார். தம்பி போனதிலிருந்து வாரத்தில் நாலு நாள் இங்கே வந்துவிடுவார். அவர் கையில் என் கணவரின் ஃபோன் இருந்தது. நான் இருந்த அறையின் ஜன்னலை, கணவரின் தாயான மாமி பழைய விரிப்பொன்றால் மறைத்திருந்தார். உள்ளே ஒரு கட்டில், ஒரு அலுமாரி, ஒரு மேசை, மேசையில் லப்டொப், அதன் முன்னால் வெள்ளை உடுப்பில் நான்.

நானும் என் கணவரும் செய்த தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன். சண்டை முடிந்த பிறகு கற்பிட்டிப் பக்கம் வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் பெரிய பட்டமொன்றை இடுப்போடு கட்டிக்கொண்டு, பலகையில் நின்று, கடல் உள்ளே புகுந்து தேங்கிய களப்பில் ஓடுவார்கள். அவர்களை நம்பிக் களப்போரமெல்லாம் விடுதிகள் வந்தன. விடுதிக்காரர் இணையத்தில் விளம்பரம் போடுவார். அதை அழுத்துகிறவர் வந்து இறங்குவதற்கு ஒற்றைப் பக்கம் ஒன்று வேண்டும். மேலே கடல் படம், அதன்மேல் ஒரு தலைப்பு, கீழே நாலு வரி, அறை விலை, கடைசியில் பதிவு செய்யச் சொல்லி ஒரு பட்டன். வேறெங்கும் போக வழி வைக்கக்கூடாது. வந்தவர் ஒன்றில் பட்டனை அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் மூடிக்கொண்டு போக வேண்டும். அதற்குப் பேர் லேண்டிங் பேஜ்.

அதைக் கட்டப் பெரிய படிப்பெல்லாம் தேவையில்லை. பேஜ் பில்டர் என்று ஒன்று இருக்கிறது. ஓரத்தில் வரிசையாக நிற்கிற பெட்டிகளைப் பிடித்து இழுத்து வந்து பக்கத்தில் போட்டால் சரி. படத்துக்கொரு பெட்டி, தலைப்புக்கொரு பெட்டி, பட்டனுக்கொரு பெட்டி. கேட்க லேசுதான். போட்ட பெட்டி போட்ட இடத்தில் நிற்க வேண்டுமே! லப்டொப்பில் பார்த்தால் கண்ணாடி போல இருக்கும். அதே பக்கத்தை ஃபோனில் திறந்தால் தலைப்பு வந்து படத்தின் தலையில் குந்திக்கொண்டிருக்கும். ஓர் இடத்தைத் தட்டினால் இன்னோர் இடம் துள்ளும். அரை நாள் இருந்து அதைச் சரிக்கட்டுவதற்குப் பொறுமை வேண்டும்.

அந்தப் பொறுமை எனக்கு இருந்தது, என் கணவருக்கு வாய் இருந்தது. மோட்டார் சைக்கிளில் விடுதி விடுதியாகப் போய்க் கதைத்துவிட்டு வருவார். கதைக்கிறது அவர், கட்டுகிறது நான். ஆனால் கட்டுவதும் அவர்தான் என்றே எல்லாரும் நினைத்திருந்தார்கள், நாங்கள் திருத்தவில்லை. வீட்டுப் பெண் செய்கிறாள் என்று தெரிந்தால் விலையைக் குறைக்கப் பார்ப்பார்கள் என்பது அவர் வாதம். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். எல்லா விடுதிகளின் பக்கங்களும் எங்கள் ஒரே தளத்துக்குள் இருந்தன. அதற்குள் நுழைகிற கணக்கு அவருடைய பெயரில், அவருடைய சிரித்த படத்தோடு இருந்தது. எனக்கென்று ஒன்று தொடங்கலாமே என்று ஒருதரம் கேட்டேன். “நீ வேற நான் வேறயா?” என்றார். அந்தக் காலத்தில் எனக்கு அது ஆசை வார்த்தையாகத்தான் காதில் விழுந்தது.

ஆறு வருடத்தில் அவர் தன் கையால் செய்த வேலை ஒன்றே ஒன்று. எனக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் எழும்ப முடியாமல் கிடந்தேன். அந்த நேரம் பார்த்து, சிலாபத்துப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் களப்போரம் விடுதி நடத்துகிற சிங்களப் பெண்மணி ஒருவர், தன் பக்கத்தில் பட்டன் கண்ணுக்குத் தெரியவில்லை என்று சொல்லியிருக்கிறார். மனிசன் சத்தம் போடாமல் உட்கார்ந்து பட்டனை மாற்றியிருக்கிறார். நான் நீலமும் மணல் நிறமுமாகப் பார்த்துப் பார்த்துக் கட்டியிருந்த பக்கம் அது. அதன் நட்ட நடுவில் கல்யாண வீட்டு சோடாப் போத்தல் மாதிரி ஒரேஞ்ச் கலரில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பட்டன்! காய்ச்சலோடு எழும்பி வந்து பார்த்து நான் வைத்த ஏச்சு கொஞ்சமல்ல. ஆனால் அந்தக் கிழமையே அந்த அம்மாவுக்கு அறைகள் நிரம்பிவிட்டன. எடுக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு நான் எந்தப் பக்கத்தைக் காட்டினாலும் என் கணவர் தலையை ஆட்டி, எல்லாம் நல்லம், ஒரேஞ்ச் பட்டன் ஒன்று குறைகிறது என்பார்.

ஒருநாள் காலை பாலாவியில் பஸ்ஸுக்கு நின்றவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். அசர் தொழுகைக்கு முன்னால் அடக்கியாயிற்று. அன்றைக்குக் கட்டி முடிக்க வேண்டியிருந்த பக்கம் லப்டொப் திரையில் திறந்தபடியே கிடந்தது.

இத்தாவில் வீட்டுக்குள் இருந்து வேலை செய்யலாமா என்று மாமிதான் மௌலவியின் மனைவியிடம் கேட்டு வந்தார். செய்யலாம், தடையில்லை என்று பதில் வந்தது. ஃபோன்தான் சிக்கல். எடுத்தால் எல்லாம் ஆண் குரல். மச்சான் அதைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். உனக்கு ஏன் கரைச்சல் என்றார். முதல் கிழமை நான் அவருக்காக துஆக்கூடக் கேட்டேன்.

பிறகு நடந்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். யாராவது ஃபோனில் ஒன்று கேட்பார்கள். மச்சான் திரைக்கு அந்தப் பக்கமிருந்து அதை எனக்குச் சொல்வார். படத்தைக் கொஞ்சம் இறக்க வேண்டுமாம், எழுத்தைத் தடிப்பாக்க வேண்டுமாம், பக்கம் திறக்கப் பிந்துகிறதாம். நான் பதில் சொல்வேன். அவர் அதைக் கால்வாசி விளங்கி ஃபோனில் சொல்வார். படத்தின் எடை கூடிவிட்டது, குறைக்க வேண்டும் என்று நான் சொன்னதை, படம் பாரமாகி விழுந்துவிட்டது என்று ஒருவரிடம் சொன்னார். உள்ளே இருந்து நான் தலையில் கை வைத்தேன்.

மூன்றாம் கிழமையிலிருந்து அவர் பேச்சில் ‘நான்’ வரத் தொடங்கியது. “நான் மாத்திட்டன், பாருங்க.” “நான் நாளைக்குச் செஞ்சு தாறன்.” நான் உள்ளே காதால் கேட்டுக்கொண்டே அந்த ‘நான்’ சொன்ன வேலையைச் செய்துகொண்டிருப்பேன். ஆறு வருடம் என் கணவர் இதே பொய்யைத்தான் சொன்னார், அப்போது எனக்கு வலிக்கவில்லை. இப்போது வலித்தது. வெளியே வந்து, அது நான் என்று சொல்லலாம் என்றால் நடுவில் திரை. சத்தம் போட்டுச் சொல்லலாம் என்றால் மௌத்து விழுந்த வீடு. கைக்கு எட்டுகிற தூரத்தில் தொழில் இன்னொருவருடையதாகிக்கொண்டிருந்தது, நான் அதற்குப் படம் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த பிறகு மச்சான் விஷயத்துக்கு வந்தார். குரல் தன்மையாகத்தான் இருந்தது.

“இத்தா முடிஞ்சா நீங்க உம்மாட ஊட்டுக்குப் போவீங்கதானே தங்கச்சி. தம்பிட தொழில் குடும்பத்துக்குள்ள இரிக்கணும். புத்தளத்துல கம்பியூட்டர் கடை வெச்சிரிக்கிற ஒருத்தர் இரிக்கார், அவர வெச்சு நான் நடத்துறன். பாஸ்வேர்ட மட்டும் ஒரு துண்டுல எழுதித் தாங்க.”

என் பெயரில் காணி இல்லை, பிள்ளை இல்லை. உம்மாவின் வீட்டில் ஏற்கனவே என் மூத்தவள், ராத்தாவும் அவள் பிள்ளைகள் நாலு பேரும் இருந்தார்கள். என்னிடம் இருந்தது இந்த வேலை ஒன்றுதான், அதையும் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதித் தரச் சொன்னார். மறந்துவிட்டது, தேடிப் பார்க்கிறேன் என்றேன். மறுநாள் கேட்டார். லப்டொப்புக்குள் எங்கேயோ இருக்கிறது என்றேன். அதன் பிறகு வந்த நாளெல்லாம் கேட்டார். மாமி குசினியில் சமைத்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. தன் வயிற்றில் பிறந்தவர்தானே அவரும்.

இதற்கு நடுவில் எனக்கொரு ரகசிய ஆறுதல் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். நாங்கள் பாவித்த பேஜ் பில்டரில் ஒரு பக்கத்தைத் திருத்திச் சேமிக்கும்போதெல்லாம், யார் திருத்தியது, எப்போது என்று ஒரு பட்டியலில் எழுதிவைத்துக்கொள்ளும். நான் அவர் கணக்கில்தானே வேலை செய்தேன். அதனால் ஒவ்வொரு தடவையும் அவருடைய சிரித்த முகம் ஒரு சின்ன வட்டத்துக்குள் வரும். பக்கத்தில் அவர் பெயர். அதற்குக் கீழே ‘ஐந்து நிமிடத்துக்கு முன்’ என்று இருக்கும். தேவையில்லாமல் ஒரு கோட்டை அசைத்துவிட்டுச் சேமித்து, அந்தப் பட்டியலைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் உண்டு. பைத்தியம்தான். அந்த அறையில் எனக்கு அது தேவைப்பட்டது.

சோளகம் தொடங்க முன் சிலாபத்து அம்மாவின் பக்கத்தைப் புதிதாக்கிக்கொண்டிருந்தேன். விலை மாற்றிக்கொள்வதற்காக அவருக்கும் தளத்தில் சின்னக் கணக்கொன்று கொடுத்திருந்தோம். என்றும் எட்டிப் பார்க்காதவர், ஒருநாள் காலை விலை மாற்ற உள்ளே போயிருக்கிறார். எதையோ அழுத்த, அந்தப் பட்டியல் திறந்திருக்கிறது. தான் யாருடைய மௌத்துக்குப் பூவோடு வந்து துக்கம் விசாரித்துவிட்டுப் போனாரோ, அந்த மனிதர் இருபது நிமிடத்துக்கு முன்னால் தன் பக்கத்தைத் திருத்திவிட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறார்! அம்மா நேராக மாதா கோயிலுக்குப் போய் மெழுகுதிரி ஏற்றிவிட்டு, அங்கிருந்து த்ரீவீலரில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

மச்சான் கதிரை எடுத்துப் போடுவது எனக்குக் கேட்டது. அந்த அம்மா கரையோரத்துத் தமிழ் நன்றாகப் பேசுவார். ஃபோனைக் காட்டி, யார் இது, உயிரில்லாதவர் எப்படி வேலை செய்கிறார் என்று கேட்டார். மச்சான் சிரித்துக்கொண்டு, பயப்பட வேண்டாம், தம்பியின் பெயரில் தான்தான் எல்லாம் செய்வதாகச் சொன்னார்.

அம்மாவுக்கு உயிர் வந்தது. வந்த வேகத்தில் வியாபாரமும் நினைவுக்கு வந்துவிட்டது. மேலே இருக்கிற கடல் படம் ஃபோனில் பார்த்தால் பாதி வெட்டுப்பட்டுத் தெரிகிறது, வந்ததுக்கு இப்போதே சரி செய்து தாருங்கள், பார்த்துவிட்டே போகிறேன் என்றார். லப்டொப் உள்ளே இருக்கிறது, பிறகு செய்கிறேன் என்றார் மச்சான். எடுத்து வாருங்கள், எனக்கு அவசரமில்லை என்றார் அம்மா.

திரைக்குப் பக்கத்தில் மச்சானின் நிழல் வந்தது. மெதுவாக, “தங்கச்சி, அந்தப் படத்த எப்பிடிச் சரிக்கட்டுறது?” என்றார்.

அரை நிமிட வேலை. மச்சான் சொல்லி முடிக்க முன்னமே என் கை தானாக மவுஸுக்குப் போய்விட்டது. நான் மவுஸை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பதில் சொல்லவில்லை. அவர் இன்னொரு தரம் கேட்டார். மூன்றாம் தரம் கேட்டபோது அவர் குரலில் கெஞ்சல் இருந்தது, அது முன்வாசல் வரை கேட்டிருக்கும்.

உள்ளே யார் இருக்கிறார்கள் என்று அந்த அம்மா கேட்டார். அப்போது குசினியிலிருந்து மாமி வந்தார். அத்தனை நாளும் இந்த விஷயத்தில் ஒரு வார்த்தை பேசாத மாமி.

“திரை ஆம்புளையளுக்குத்தான் மிஸ். நீங்க உள்ள போய்ப் பாருங்க” என்று தன் கையாலேயே அதை விலக்கிவிட்டார்.

வெளிச்சத்தில் கண் கூசியது. வாசலில் நின்ற அம்மா என் வெள்ளை உடுப்பைப் பார்த்தார், லப்டொப்பில் திறந்திருந்த தன் பக்கத்தைப் பார்த்தார், பிறகு என்னை.

“அனே நங்கி… தங்கச்சி, நீங்களா?”

“ஓம், நான்தான்.”

“எப்ப இருந்து?”

“தொடக்கத்துல இருந்தே.”

அவர் வந்து கட்டிலில் உட்கார்ந்தார். நான் மவுஸை மேசையில் வைத்து, படத்தின் நடுப்பகுதியை நகர்த்தி, ஃபோன் அளவுக்கு மாற்றிக் காட்டினேன். அவர் தன் ஃபோனில் பார்த்து, சரி என்றார். பிறகு விரலை நீட்டி, இந்த ஒரேஞ்ச் பட்டனும் உங்கள் வேலையா என்று கேட்டார். அது மட்டும் என் கணவர் செய்தது என்றேன். முதலில் அந்த அம்மாதான் சிரித்தார். நானும் சிரித்தேன். மூன்று மாதத்தில் முதல் சிரிப்பு, அது போய் அழுகையில் முடிந்தது. இரண்டு பேரும் அழுதோம்.

எழும்பும்போது அவர் ஒன்றைக் கண்டிப்பாகச் சொன்னார். “அந்த முகத்த எடுத்துருங்க நங்கி. உங்க பேரைப் போடுங்க. மௌத்தானவர் பேர்ல வர்ற வேலை எனக்கு வேணாம், பயமா இரிக்கி. உங்க பேர்ல எண்டா நான் மத்த விடுதிக்காரங்களுக்கும் சொல்றன்.” இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பாராம். அதையும் சொல்லாமல் போகவில்லை.

லுஹர் தொழுதுவிட்டு உட்கார்ந்து, அவருடையதைப் போலவே எல்லா உரிமையோடும் எனக்கொரு கணக்குத் திறந்தேன். என் பெயரைத் தட்டச்சு செய்தபோது யாருடைய பெயரையோ எழுதுவது போல இருந்தது. படம் வைக்கவில்லை. ஒரு பக்கத்தைத் திருத்திச் சேமித்தேன். பட்டியலில் முகமில்லாத சாம்பல் வட்டம் ஒன்று வந்து, பக்கத்தில் என் பெயர் நின்றது. அதுவே போதும் என்று இருந்துவிட்டேன்.

ஆனால் மச்சான் விடவில்லை. பின்னேரம் திரும்பவும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அந்த மிஸ் என்ன சொன்னாலும் தளம் தம்பியின் பெயரில்தான் இருக்கிறது, புத்தளத்து ஆள் நாளைக்கு வருகிறார், பாஸ்வேர்டைத் தாருங்கள் என்றார். அவர் சொன்னது சரிதான். அந்தக் கணக்கு இருக்கும்வரை அதற்குள் யார் நுழைந்தாலும் என்னை வெளியே தள்ளிவிட முடியும். அதை அழிக்காமல் எனக்கு வழியில்லை.

பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, என் கணக்கால் உள்ளே நுழைந்து அதை அழிக்கப் போனேன். அழுத்தியதும் அது உடனே அழியவில்லை. ஒரு கேள்வி கேட்டது. இவர் செய்த வேலைகளை என்ன செய்ய வேண்டும்? எல்லாவற்றையும் சேர்த்து அழிக்கவா, அல்லது வேறொருவர் பெயருக்கு மாற்றவா? அந்த வீட்டில் மூன்று மாதமாக யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. கீழே பெயர்ப் பட்டியலில் என் பெயரும் இருந்தது. அதைத் தெரிவுசெய்தேன். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன்.

“என்ன தங்கச்சி, கிடைச்சிச்சா?” என்றார் மச்சான்.

“பாஸ்வேர்ட் இல்ல மச்சான். அந்தக் கணக்கே இப்ப இல்ல.”

கதிரை நகர்ந்தது. மாமியிடம் சொல்லிக்கொள்ளாமலே அவர் போய்விட்டார். கணவரின் ஃபோனைக் கதிரையில் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பட்டியலைப் பார்த்தேன். ஆறு வருடத்துத் திருத்தங்கள் எல்லாவற்றிலும் சாம்பல் வட்டமும் என் பெயரும். அவர் முகம் ஒன்றில்கூட இல்லை. என் வேலை எனக்கு வந்துவிட்டது, சந்தோஷப்படத்தான் வேண்டும். கடைசியாக அந்த அம்மாவின் பக்கத்தைத் திறந்து, எனக்குக் காய்ச்சல் வந்த கிழமை வரைக்கும் கீழே போனேன். நான் எழும்பவே முடியாமல் கிடந்த ஒரு பகலில், பட்டனை ஒரேஞ்ச் ஆக்கியது நான் என்று எழுதியிருந்தது. திருப்பி எடுக்க வழி தேடினேன். இருக்கவில்லை. மேசையில் தலையை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன். என்ன மகள் என்று மாமி ஓடி வந்தார். பட்டன் என்றேன். அவருக்கு என்ன விளங்கியிருக்கும்! என் தலையைத் தடவிக்கொண்டு நின்றார்.

இத்தா முடிய இன்னும் முப்பத்தைந்து நாள் இருந்தது. நான் உம்மாவின் வீட்டுக்குப் போகவில்லை; மாமியோடு அதே வீட்டில்தான் இருக்கிறேன். ஃபோனை நானே எடுக்கிறேன். அந்த அம்மாவின் பக்கத்தை எத்தனையோ தரம் மாற்றிக் கட்டியாயிற்று, பட்டனை மட்டும் தொடவில்லை. புதிதாக வருகிற விடுதிக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு, மற்றதெல்லாம் நல்லம், இந்தக் கலரை மட்டும் ஏன் இப்படி வைத்தீர்கள் என்று கேட்பார்கள். அது நான் வைத்ததில்லை என்பேன். யாரும் நம்புவதில்லை.